ஏழாம் பாகத்தில் நதி அசைகிறது

ஏழாம் பாகத்தில் நதி அசைகிறது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
குறை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.
மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது,
கரையோர வயல் முழுகி
நாலு முறை கழித்து
வண்டல் படிந்து இரட்டிப்பாய் விளைகிறது.
அழகுதான். மறுக்கவில்லை.

முதல் பாகத்தில் நதி ஒரு நீலக் கோடு.
பான்பரி மார்க்கெட்டுக்குப் பின்னால்
கலியமூர்த்தி வீட்டு மாடி அறையில்
அதற்குக் கெடிலம் என்று பெயர் வைத்தோம்.
சித்திரை மாசக் கெடிலத்தைவிட
இந்தக் கோட்டில் தண்ணி அதிகம் என்பான்.

முப்பது ரூபாய் சிடி. கையேடு கிடையாது.
ஆகவே எதுவும் தெரியாது எங்களுக்கு.
வரைபடத்தின் கிழக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்,
மேலே மூன்று வெள்ளைப் புள்ளி.
உப்பு என்றேன் நான்.
வெடிமருந்து என்றான் அவன்.
ஒரு மே மாதம் முழுக்க அதற்காகப் போர்.
என் குதிரைப்படை பதினொன்றும்
அங்கேதான் செத்தது.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி.
அவன் முறை வந்தால்
நான் தரையில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும்.
சுண்ணாம்பு உதிர்ந்து
ஒட்டகம் போலொரு வடிவம் அந்தச் சுவரில்.
இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.
முதுகுக்குப் பின்னால் மவுஸின் சொடுக்கை எண்ணி
எத்தனை படை நகர்கிறது என்று
கணக்குப் போடுவேன்.
அது அவனுக்குத் தெரியும்.
சும்மாவே நாலு தடவை சொடுக்குவான்.

இப்போது அம்புக்குறியை மேலே கொண்டுபோனால் போதும்.
இரும்பு. அளவு ஆறு.
இங்கே நகரம் அமைப்பது உகந்தது.
மூலையில் ஒரு ஆலோசகி தோன்றி
எல்லைப்புறம் பலவீனமாக உள்ளது அரசே என்கிறாள்,
மிக மரியாதையாக.
திருப்பாப்புலியூர் இன்சூரன்ஸ் ஆபீசில்
பகலெல்லாம் நானே அப்படித்தான் பேசுகிறேன்.

பக்கத்து மேசை தேவப்ரியா
டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னாள்:
அஞ்சாம் பாகத்தோட போச்சுக்கா எல்லாம்.

அஞ்சாம் பாகமா!
தனியாகக் காசு கட்டினால்தான்
யானை என்று சொன்ன பாகம்.
பாதியில் மூடி வைத்து
இரண்டு வருஷம் நான் தொடாத பாகம்.
அவளோ சிதம்பரத்து ஹாஸ்டலில்
போர்வைக்குள் லேப்டாப் சூட்டில்
தொடை சிவந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறாள்.
எலுமிச்சை சாதம் ஆறுகிறது.
நான் வாயைத் திறக்கவில்லை.

போன ஞாயிறு முதல் பாகத்தைத் தேடிப் பிடித்தேன்.
வரைபடம் கைக்குட்டை அளவு.
படகு ஒன்று தயங்காமல் மலைமேல் ஏறுகிறது.
எதிரி அரசன் மடையன்,
பத்துப் பொற்காசுக்கு நண்பனாகி
அடுத்த முறையே அதை மறந்துபோகிறான்.
நாற்பது நிமிஷத்தில் உலகம் முழுக்க என்னுடையது.
பரிசாக ஒரு கொடி. இரண்டு பீப்.

இதற்குத்தானா?

கடைசியாகச் சாம்பல் கட்டத்துக்கு ஆளை அனுப்பித்
தோண்டச் சொன்னேன்.
ஒன்றுமில்லை.
உப்பும் இல்லை, வெடிமருந்தும் இல்லை.
பாறை. இடம் காலியாக இருக்கிறதே என்று
யாரோ வரைந்து வைத்த பாறை.

கலியமூர்த்தி நெய்வேலியில் இரண்டாம் ஷிப்ட்.
ரெண்டு வருஷமாகப் பொங்கல் வாழ்த்து மட்டும்.
அது பாறை என்று ஒரு வரி அனுப்பினேன்.

ராத்திரி பத்தே முக்காலுக்குப் பதில் வந்தது:
புளுகாத.
வெடிமருந்தை எடுத்துட்டு மறைக்கிற.
அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்,
அதுவரைக்கும் உன் ஆளு ஒருத்தன்
அந்தக் கட்டத்துல நிக்கக் கூடாது.

எழுந்து போய் கம்ப்யூட்டரைப் போட்டேன்.
படையை ஒவ்வொன்றாக
நதிக்கு இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.
ஒரே ஒரு ஒற்றனைத் தவிர.