ஏழாவது கேள்வி

அண்ணா நகர் ஆபீஸைக் காலி செய்த அன்று
நாற்காலிகளைப் பழைய சாமான்காரர் ஏற்றிப்போனார்,
ஏசியை ஓனர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்.
வாட்ச்மேன் சோணைமுத்துவை மட்டும்
எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியவில்லை.

பதினோரு வருஷம்
நான் ஆள் எடுத்த ரகசியமே அவர்தான்.
உள்ளே நான் கேட்டதெல்லாம் ஒப்புக்கு.
உங்கள் பலவீனம் என்ன என்பேன்,
அதிகமா உழைப்பேன் சார் என்பார்கள், கூசாமல்.
வந்தவர் வண்டியை எப்படி நிறுத்தினார்,
தண்ணீர் கேட்கையில் அண்ணே என்றாரா, ஏய் என்றாரா,
காத்திருந்தபோது போனில் யார்மேல் எரிந்து விழுந்தார்,
எல்லாம் கேட்டோரமே முடிந்திருக்கும்.
சாயங்காலம் பீடியை அணைத்துவிட்டுச் சொல்வார்:
'நீலச் சட்டை வேணாம் சார்.
அந்தக் கண்ணாடிப் பிள்ளை வரட்டும்.'

இப்போது நான் விளாங்குடியில், வீட்டு மாடியில்.
பின்னால் காய்கிற லுங்கியை மறைக்க
ஒரு பொய்ப் புத்தக அலமாரி.
தலையைச் சட்டென்று திருப்பினால்
ஒரு காது புத்தகங்களுக்குள் போய்விடும்.
கூடல் நகரில் கூட்ஸ் வண்டி கடக்கும்வரை
மைக்கை அணைத்துச் சிரித்தபடி இருப்பேன்.

பெங்களூரிலிருந்து படிவம் வந்தது.
தனி அறை உண்டா. கதவு மூடுமா.
முகத்தில் வெளிச்சம் விழுமா.
ஏழாவது கேள்வி:
வேலை நேரத்தில் சுற்றிலும் அமைதி நிலவுமா.

மதுரையில்!
ஒரு காதுகுத்துக்கு
எட்டுத் தெருவுக்குக் குழாய் கட்டுகிற ஊரில்!

திருமங்கலத்துப் பையன்
நிறுத்தியிருந்த காருக்குள்ளிருந்து பேசினான்.
கண்ணாடிகளை ஏற்றி, கழுத்தில் டை கட்டி.
வேர்வை மூக்கு நுனியில் நின்று யோசித்தது.
'அமைதி: ஆம்' என்று போட்டேன்.

இன்னொருவன் உதட்டை மட்டும் அசைத்தான்.
குரல் மேசைக்கடியில் இருந்த வேறு யாருடையதோ.
குரல்காரர் விஷயம் தெரிந்தவர்.
'அவரை மேலே வரச் சொல்லுங்க தம்பி' என்றேன்.
லைன் கட்டாகிவிட்டது.

வீரஜோதிக்கு ஊர் யானைமலைக்கு அந்தப் பக்கம்.
சிக்னலை யானை படுத்து மறித்துக்கொண்டிருந்தது.
முகம் வந்தது, சதுரம் சதுரமாய் நின்றது,
நெற்றி ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம்.
படிவப்படி ஏழு கேள்வியிலும் தோல்வி.
கேமராவை அணைச்சிரும்மா என்றேன்.
இரண்டு நாள் வேலை ஒன்று அனுப்பினேன்,
ஆயிரத்து இருநூறு ரூபாய் கூலி பேசி.
தேர்வுக்கு எதற்குக் கூலி என்றது பெங்களூர்.
களையெடுத்துக் காட்டச் சொன்னாலும்
எங்கள் பக்கம் கூலி உண்டு என்றேன்.

இரண்டாம் நாள் ராத்திரி, பதினொன்று நாற்பதுக்கு
வாட்ஸ்அப்பில் வந்தது:
'சார், டிரான்ஸ்பார்மர் போயிருச்சு.
நாப்பது பில் முடிச்சிட்டேன், ஆறு பாக்கி.
பன்னெண்டாவதுல நீங்க குடுத்த கணக்கே தப்புன்னு தோணுது.
விடிஞ்சதும் ஒத்தக்கடை போய் அனுப்புறேன்.
லைன்மேன் அண்ணன் கம்பத்து மேல இருக்காரு,
அவரை அவசரப்படுத்தக் கூடாது.'

அண்ணன் என்ற சொல்லிடம்
கொஞ்ச நேரம் நின்றேன்.

காலையில் சோணைமுத்துவுக்குப் போன் போட்டேன்.
நரிமேட்டில் ஏதோ அபார்ட்மென்ட் கேட்டில் இருக்கிறார்.
வாசித்துக் காட்டினேன்.
யாருக்கோ கேட் திறந்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டார்:
'பன்னெண்டாவது நெசமாவே தப்பா சார்?'
'தப்புதான்.'
'அப்புறம் என்ன.'

வீரஜோதி சேர்ந்து எட்டு மாதம்.
இன்றைக்கும் எனக்கு அவள் முகம்
ஒன்பது சதுரங்கள்தான்.

படிவத்தில் ஏழாவதை அடித்துவிட்டு எழுதினேன்:
வேலை பாதியில் கரண்ட் போனால்
யாரிடம், எப்படிச் சொல்வீர்கள்?

இதற்குச் சரியான விடை எது,
எத்தனை மதிப்பெண் என்று
பெங்களூர் கேட்டிருக்கிறது.
பதில் அடிக்க உட்கார்ந்தேன்.
கூட்ஸ் வண்டி வருகிறது.