சாட்சி எண் பதினொன்று

பெயர் சொன்னேன்.
மின்துறையில் ஒயர்மேன், இருபத்திரண்டு வருடம்.
புதுச்சேரி செஷன்ஸ் கோர்ட்டில்
கட்டிலிருந்து தலை தூக்காமல் வக்கீல் கேட்டார்:
சம்பவ இரவு பத்தரை மணிக்கு
அங்காளன் தோட்டத்தில் மின்தடை உண்டா?

இல்லை ஐயா.

அவ்வளவுதான் எனக்கான கேள்வி.

தடை இல்லை, உண்மை.
பதினேழாம் கம்பத்தின் உச்சிவரை ஏறிய மின்சாரம்
காலி ஹோல்டரில் போய் நின்றது,
பதினாலு மாதமாக.

புகார்ப் புத்தகத்தில் ஏழு தடவை.
ஆறு, பாக்கியவதியின் கைநாட்டு.
ஏழாவது அவள் மகன் அந்துவான் எழுதியது.
'விளக்கு இல்லை'யில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.
கீழே நான் எழுதினேன்: ஸ்டாக் இல்லை.
புள்ளியோடு.

அதே வாரம் துய்மா வீதியில்
பூப்போட்ட இரும்பு விளக்கு ஒன்று இமைக்கிறதென்று போன்.
மூன்று பேர், ஏணி வண்டி, இருபது நிமிடம்.

உப்பாற்று வாய்க்கால் ஓரம்
நாற்பத்தொரு வீட்டுக்கு ஒரு குழாய்.
தண்ணீர் ராத்திரி பத்துக்கு மேல்தான்.
குடத்தைத் தடவித் தடவித்தான் வரிசை.
வருகிறவர்கள் இடுப்பில் ஏதாவது செருகிக்கொண்டு வருவார்கள்,
முந்தின மாசி மாதத்திலிருந்து.
எதிரே சாராயக்கடைக்கு மட்டும் இரண்டு டியூப்லைட்,
தனி மீட்டர்.
நான் இழுத்த லைன்.

ஞானவேலு குடத்தை நகர்த்தினான் என்கிறார்கள்.
இல்லை, தடுக்கி விழுந்தான் என்கிறார்கள்.
இரண்டு பேருக்கும் பத்தொன்பது.
ஒரே மேஸ்திரியிடம் சென்ட்ரிங்,
பதினோரு நாளாக வேலை இல்லை.
பாக்கியவதி மீன் அரியும் கத்தி.

இருட்டு குத்தவில்லை. அந்துவான்தான் குத்தினான்.
அதை நான் மறுக்கவில்லை.
ஞானவேலுவின் அப்பா இதோ மூன்றாவது பெஞ்சில்,
மில் பூட்டியபோது கொடுத்த சட்டையில்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் போன்:
அடையாளம் பார்க்க வெளிச்சம் வேண்டும்.
ஸ்டாக் இருந்தது.

சாயங்காலம் ஏறினேன்.
கீழே சுண்ணாம்புக் கோடு, குடம் ஒன்று கவிழ்ந்தபடி.
பல்பைத் திருகினேன், தெரு முழுக்கத் தெரிந்தது.
ஏணி ஆடவே இல்லை.
யார் பிடித்திருக்கிறார்கள் என்று குனிந்தேன்.
பாக்கியவதி.
இரண்டு கையாலும்.

குறுக்கு விசாரணை இல்லை என்றார் எதிர் வக்கீல்.
போகலாம் என்றார் நீதிபதி.
கூண்டைவிட்டு இறங்கும்போது படி தடுக்கியது.
நல்ல வெளிச்சம் இருந்தது.