குறைந்தபட்சத் தேவை

முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
பதினோரு மாதத்து உயரப்படி.
கோபுரம் ஏறும் நாளுக்கு மட்டும் தருவார்கள்,
தரையில் கிரீஸ் வாளி தூக்கும் நாளுக்குக் கிடையாது.

வண்ணார்பேட்டையில் இறங்கி
செருப்புக்கடைக்கு மேல் முதல் மாடி,
ஜெபக்கனியின் கம்ப்யூட்டர் கடை.
"என்னத்துக்கு அண்ணாச்சி? டேலியா, டைப்பிங்கா?"
"பிளேன் ஓட்ட" என்றேன்.
ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு
என் பூட்ஸைப் பார்த்தாள்.
பணகுடிச் செம்மண் இன்னும் காயவில்லை அதில்.

"அந்த விளையாட்டா?
அது ஆனைல்லா. தீனி போட்டு முடியாது."

லேப்டாப் கேட்காதீங்க என்றாள்,
இந்த விலைக்கு வர்றது
சித்திரை வெயிலில் நாய் மாதிரி இரைக்கும்.
புதுக் கார்டு இந்தக் காசுக்கு வராது.
பழசு ஒன்று கிடக்கு,
கோயம்புத்தூரில் யாரோ ரெண்டு வருஷம்
ராப்பகலா காயின் தோண்டிவிட்டுத் தள்ளிவிட்டது.
பொய் சொல்ல மாட்டேன், உழைச்ச உருப்படி.

வாங்கி, அதன் விசிறியை விரலால் சுண்டினேன்.
காதோடு வைத்துக் கேட்டேன்.
பேரிங் பேசுவது எனக்குப் புரியும்;
அதற்குத்தான் சம்பளம்.
"இடது விசிறி இன்னும் ஒரு தென்மேற்குதான் தாங்கும்.
வலது நல்லாருக்கு."
அவளும் வாங்கிக் கேட்டாள்.
ஒன்றும் சொல்லாமல் நானூறு குறைத்தாள்.

ராம்?
"எட்டு போட்டா தரையில ஓடும். மேல எழும்பாது.
பதினாறு போடுங்க."

மானிட்டரும் பழசு.
வலது மேல்மூலையில் செத்துப்போன ஒரு புள்ளி.
பருந்து என்று வைத்துக்கொண்டேன்.

கடைசியில் பிராசசர்.
அங்கேதான் இழுத்தது, நாலாயிரம் வித்தியாசம்.
"மேகம், மரம், நிழல், தண்ணி மினுக்கம்
எல்லாத்தையும் கார்டு சுமக்கும்.
வேண்டாம்னா ஒவ்வொண்ணா அணைச்சுக்கிடலாம்.
காத்தை மட்டும் இவன்தான் கணக்குப் போடணும்.
றெக்கையில எங்க படுது, எவ்வளவு படுதுன்னு
நிக்காமப் போடணும்."

காற்றுக்கா கணக்கு?
எண்பது மீட்டரில் கோபுரம் ஆடி
இசக்கித்துரை தன் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தியெடுத்த காற்று.
மீட்டர் பதினைந்தைத் தொட்டால்
எங்களையெல்லாம் கீழே இறங்கச் சொல்லும் காற்று.
தீப்பெட்டியைவிடச் சின்னதாய்
அவள் உள்ளங்கையில் இருந்தது.

"நாலாயிரம் கூடினதையே போடுங்க.
பெட்டிக்குப் பக்கமூடி வேண்டாம்.
ஜாய்ஸ்டிக்கும் வேண்டாம்."

தங்கச்சி செல்வராணி பார்த்துவிட்டுச் சொன்னாள்,
"குடலைத் திறந்து போட்ட மாதிரி இருக்கு."
அன்று வோல்டேஜ் நூற்றெழுபது.
ஜன்னலுக்கு வெளியே முப்பது காற்றாடி சுற்றுகிறது,
கரண்ட் எங்கோ போய் எவ்வளவோ ஊர் பார்த்துவிட்டு
மிச்சம்மீதி எங்கள் தெருவுக்கு வருகிறது.
ஸ்டெபிலைசருக்கு எண்ணூறு கடன்.

ராத்திரி பத்தரைக்கு வாகைக்குளத்தில் ஏறினேன்.
மரத்தை அணைத்தேன். நிழலை அணைத்தேன்.
மேகத்தை அணைத்தபோது மட்டும்
கொஞ்சம் யோசித்தேன்.
கடல் சிமெண்டுத் தரையாகக் கிடந்தது.
மகேந்திரகிரி மடித்துப் போட்ட சாக்கு.
பணகுடி வந்தது, என் ஊர்தானா என்று தெரியவில்லை,
கோபுரம் ஒன்றுகூட இல்லை,
அந்த விளையாட்டுக்கு எங்களைத் தெரியாது.

ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கினேன்.
படம் திக்கியது. நொடிக்குப் பத்தொன்பது.
பிறகு
வலது இறக்கை
யாரோ கீழிருந்து முட்டியதுபோல் தூக்கிக்கொண்டது.

தெரியும் எனக்கு. ஆனி மாதம்,
பிற்பகல், இதே முட்டு.

கீபோர்டை விட்டுவிட்டு என் இடது கை
இடுப்பில் கொக்கியைத் தேடியது.
லுங்கி முடிச்சுதான் இருந்தது.