தொண்ணூற்றொன்பது

டுலூத் நகரில் பிப்ரவரி.
உளவியல் துறையின் நிலவறையில்
நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்,
மணிக்குப் பதினொரு டாலர்,
நான்.

முதல் பெட்டியில் இனம்:
வெள்ளையர், கறுப்பர், லத்தீனோ, ஆசியர்.
ஒன்றைத்தான் குறிக்கலாம்.
ஆறாம் பெட்டியில்
கடந்த ஓராண்டில் எத்தனை பேருடன் உறவு என்று
இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.
எழுதாமல் விட்டிருந்தால்
99 என்று தட்ட வேண்டும்.
பேசாதவர்களுக்கான எண் அது.

தட்டினேன்.
படிவத்தின் ஓரத்தில் ஒருத்தி கேட்டிருந்தாள்:
"அழுதுகொண்டே உறங்கிப்போன இரவையும் சேர்க்கணுமா?"
அதற்குக் குறியீடு இல்லை.
அவள் காபிக் கறைக்கும் இல்லை.

வியாழன் காலை பேராசிரியர் ஹால்வர்சன்
படியில் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.
ஆசியர் சராசரி
இருபத்தேழு புள்ளி மூன்று!
"அடக்கி வளர்த்த அணை உடைகிறது" என்றார்.
கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டார்.

நாற்பத்தொரு பேர் நாங்கள்.
அதில் பதினொருவர் வாய் திறக்கவில்லை.
99 என்றால் மௌனம் என்று
கணினிக்கு யாரும் சொல்லவில்லை.
அது பாவம், எண்ணென்றால் எண் என்று நம்பி
ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது காதலரைக்
கட்டிவைத்துவிட்டது.

சொன்னேன். சிவந்தார். திருத்தினார்.
ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்று.
மாலைக்குள் வேறொரு விளக்கம் தயார்:
குடும்பக் கண்டிப்பு, பண்பாட்டுத் தயக்கம்,
குடியேறியவர்களின் நாணம்.
அணை மறுபடி எழும்பி நின்றது,
ஒரு சொட்டு ஒழுகாமல்.

பதினொருவரில் நானும் ஒருத்தி.
பாடத்துக்கு இரண்டு மதிப்பெண் என்பதால்
நவம்பரில் நிரப்பியது.
ஹ்மோங் என்று எழுத இடமில்லை,
ஆசியர் கட்டத்தில் கோடு போட்டேன்,
கொஞ்சம் வெளியே வழிந்தது.
ஆறாம் பெட்டியில் பேனா நின்றுவிட்டது.
நாணமில்லை.
ஏரி உறைந்து கிடந்த மார்ச் இரவில்
வண்டி ஹீட்டர் இருமிக்கொண்டிருக்க
லியாண்டரின் மூக்குக்கண்ணாடி என் மூச்சில் மங்கியதையும்
அவன் அதைத் துடைக்காமலே சிரித்ததையும்
இரண்டு இலக்கத்தில் எங்கே வைப்பது?

அவன் படிவத்தையும் நேற்றுத் தட்டினேன்.
தலையில் தொப்பி வைத்த 1,
அப்படி எழுதுகிறவன் இந்தக் கல்லூரியில் அவன் ஒருவன்தான்.
கறுப்பர் பத்தியில் அது
நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது.
அந்த ஒன்று நான்.

அட்டவணையில் எங்கள் பத்திகளுக்கு நடுவே
ஒரு கோடு.
அச்சுக்கு இன்னும் கொஞ்சம் தடிப்பாக வேண்டுமாம்.