இருபத்து நான்காம் எண்

ஹஷூரி சந்திப்பில், என்ஜின் கொட்டகைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு நார்டிப் பலகைகள்.
மூன்று தீயணைப்பு நிலையத்தில் கேட்டு வாங்கியவை.
ஒன்று முடிதிருத்துபவருடையது,
திறந்தால் மடிப்பில் யாருடைய தலைமயிரோ.
ஒன்றுக்குக் கீல் போய், கம்பி சுற்றியிருக்கிறேன்.

விதிகளை நானே தட்டச்சு செய்து
பயணச்சீட்டு அலுவலகப் பசையால் கதவில் ஒட்டினேன்.
ஏழாவது: சாய்ந்து நிற்கும் பகடை செல்லாது, மீண்டும் உருட்டுக.
எட்டாவது: பணம் கட்டிப் பந்தயம் வைப்போர்
படியிறங்கிப் போய் வைக்கவும்.
எட்டாவதைத்தான் எல்லோரும் நின்று படித்தார்கள்.

ஆறு பேராக நான்கு குழு.
காலை ஒன்பதுக்கு எண்ணினால் இருபத்து மூன்று தலை.
போர்ஜோமி எல்குஜா வரவில்லை.
ஐந்து பேரைச் சும்மா உட்கார வைத்தால்
ஐந்து பேரும் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்,
அதில் பாதி ஏற்கெனவே விறகாகி
அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.
ஆகவே விசிலைக் கழுத்தில் போட்டபடி
அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.
யாரும் எதிர்க்கவில்லை. லமாரா ஆடினால்
ஒரு வெற்றி உறுதி என்று நினைத்திருக்கலாம்.

நான்கு ஆட்டம் தோற்றேன், நடுநடுவே எழுந்து
தேநீருக்கும் தகராறுக்கும் ஓடி.
எட்டாம் பலகையில் ஒருவன் காயைச் சட்டைக் கைக்குள் தள்ளுகிறான்,
கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை,
இதற்கிடையில் என் தங்கை கணவன் ஸாவுரும்
என்னை வென்றுவிட்டுத் தோளில் தட்டிப் போனான்.

ஐந்தாவது, கசாப்புக்கடை நுக்ஸார்.
அவன் வென்றால் அரையிறுதி அவனுக்கு,
நான் வென்றால் ஸாவுருக்கு.
ஸாவுர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.
அவன் மூச்சு என் காதுமடலில் சுட்டது.

கடைசியில் நுக்ஸாருக்கு எடுக்க ஒரே காய்,
எனக்கு நான்கு, நான்கும் ஆறாம் வீட்டில்.
இரட்டை ஆறு தவிர எதுவும் உதவாது.
ஊதினேன். உருட்டினேன்.

"துஷாஷி!" என்று அறையே கத்தியது.
எங்கள் ஊரில் பகடைக்கு மட்டும்
பாரசீகத்தில் எண்ணுவோம், கடன் வாங்கிய எண்கள்,
திருப்பித் தரும் எண்ணம் யாருக்கும் இல்லை.
ஸாவுர் என் தலையில் முத்தமிட்டான்.
நுக்ஸார் கைகொடுக்க எழுந்தான்.

இடப்பக்கப் பகடை
ஒரு காயின் விளிம்பில் ஏறி நின்றது.
ஒரு நகக்கண் உயரம்.
நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து மட்டும் தெரிகிற உயரம்.

விசிலை ஊதினேன், எனக்கு எதிராக.
"ஏழாவது விதி" என்றேன்.
"எந்த ஏழாவது?" என்றான் நுக்ஸார்,
"விழுந்தது விழுந்ததுதான், எடு உன் காய்களை!"
வெல்லப்போகிறவன் கெஞ்ச, தோற்கப்போகிறவள் அதட்ட,
தீயணைப்புக்காரர்கள் சிரித்தார்கள்.

மறுபடி உருட்டினேன். இரண்டு, ஒன்று.
அதற்குப் பாரசீகத்தில் கூவ யாருமில்லை.

நுக்ஸார் அரையிறுதியில் அரைமணியில் கவிழ்ந்தான்.
கோப்பையை ரயில்வே மருத்துவமனைச் சமையற்காரி
எதேரி கொண்டுபோனாள், பையில் வெங்காயத்தோடு.
பலகைகளை இறக்க ஸாவுர் வரவில்லை.
பன்னிரண்டையும் நான்கு நடையில் நானே இறக்கினேன்.

ஏழேகாலுக்கு, பூட்டும்போது,
முழங்கால்வரை சேறாக ஒரு கிழவன்.
"எல்குஜா. வழியில் வண்டி நின்றுவிட்டது, ஆறு மணி நேரம்."
எங்கள் வண்டிதான். சீட்டுக் கிழித்ததும் என் துறைதான்.
ஐந்து லாரியை எடுத்து நீட்டினேன்.
அவன் வாங்கவில்லை. கதவில் ஒட்டிய பட்டியலில்
தன் பெயரை விரலால் தேடினான்.

"ஐந்தும் தோல்வி என்று போட்டிருக்கிறதே.
நான் அவ்வளவு மோசமாகவா ஆடினேன்?"

"கடைசி ஆட்டத்தில்" என்றேன்,
"உனக்கு ஒரு துஷாஷி விழுந்தது.
கொஞ்சம் சாய்ந்து."

"எவ்வளவு?" என்றான்.
நகக்கண்ணைக் காட்டினேன்.
குனிந்து, விளக்கில் பிடித்து,
வெகுநேரம் பார்த்தான்.