இடது கடைவாய்

திபிலிசியில், மூடிப்போன காலுறைத் தொழிற்சாலையின்
மூன்றாம் மாடியில்
வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்குக்
கணக்குப் பார்க்கிறேன்.
இவர்களோடு ஒரே வகுப்பில் வரையப் படித்தவன்தான்.
வெள்ளை வண்ணக் குழாயின் விலை ஏறிய மாதம்
நின்றுவிட்டேன்.

எல்லோரும் ரசீதுகளைச் செருப்புப் பெட்டியில் கொண்டுவருவார்கள்.
லாஷா கொண்டுவந்தது ஒரு பிளாஸ்டிக் பை.
உள்ளே இரண்டு பேருந்துச் சீட்டு, ஒரு மிட்டாய்க் காகிதம்,
காகிதத்தின் முதுகில் பேனாவால் ஒரு கழுதை.
"இதை வரவில் எழுதலாமா?"
விற்றால் எழுதலாம் என்றேன்.

நுத்சா கோப்பை செய்கிறாள்.
கட்டைவிரல் போய் உட்காரும் இடத்தில்
ஒரு சிறு பள்ளம் வைத்த கோப்பை.
விலை இருபத்தைந்து லாரி.
(இந்த ஊரில் காசின் பெயர் லாரி.
யாரும் ஏறிப் போக முடியாத லாரி.)

களிமண் இரண்டு. மெருகு மூன்று.
உலை குடிக்கும் மின்சாரம் நான்கு.
வெடித்துப்போகிறவற்றின் பாவம் இரண்டு.
வாடகை ஐந்து. பெட்டி, வைக்கோல், தபால் ஆறு.
மிச்சம் மூன்று.
உன் இரண்டு மணி நேரத்துக்கு என்ன கூலி?
பென்சில் அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாதாம்.
சுட்டவள் கணக்குப் பார்க்காமலே
மிஞ்சியது இவ்வளவுதான்.

அந்த வாரம்தான் ஆற்றங்கரைப் புது ஹோட்டலிலிருந்து கடிதம்:
முந்நூறு கோப்பை, ஒன்று பதினான்கு லாரி,
பணம் தொண்ணூறு நாள் கழித்து.
உங்கள் பேர் விருந்தினர் கண்ணில் படும்.

"பேரை வைத்து நாக்கு வழிக்கவா?" என்றாள் தெக்லே.
நான் கூட்டிச் சொன்னேன்:
தபாலும் பெட்டியும் இல்லையென்றாலும்
கோப்பைக்கு இரண்டு லாரி நீ கொடுக்கிறாய்,
ஆக அறுநூறு, ஒரு ஹோட்டலுக்கு
நன்கொடை.

"பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம்" என்ற நுத்சா
இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.
இரண்டு வருடமாக அவள்
வலது பக்கத்தில் மட்டும் மெல்கிறாள் என்பதை
அன்றுதான் பார்த்தேன்.

பதிலை ஆறு பேர் சேர்ந்து எழுதினோம்.
'மன்னிக்கவும்' நான்கு இடத்தில் வந்தது.
மூன்றை அடித்தோம். ஒன்றைத் தெக்லே விடவில்லை.
விலை முப்பத்து நான்கு. பாதி முன்பணம்.

மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை.
"உன் பென்சில்தான் என் முந்நூறு கோப்பையையும் உடைத்தது"
என்றாள் படிக்கட்டில்.
என்னிடம் பதில் இல்லை.
என் வியாழக்கிழமைகளுக்கான கட்டமும் காலிதான்,
அதை யாருக்கும் காட்டியதில்லை.

பிறகு வந்தது:
எண்பது கோப்பை, முப்பத்தொரு லாரி,
நூற்றுக்கு நாற்பது முன்பணம்.
வெற்றி என்று சொல்ல முடியாது.
முதல் அடுக்கிலேயே பதினொன்று வெடித்தது,
உலைக்கு ஹோட்டல் கடிதம் படிக்கத் தெரியாதே.

முன்பணம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று இரண்டு.
வாடகை பாக்கிக்கும் களிமண்ணுக்கும் போனது போக
ஒரு துண்டுச் சீட்டை என் முன் வைத்தாள்:
பல் மருத்துவர், நூற்றெண்பது லாரி.
"இதை எங்கே எழுதுவாய்? மூலப்பொருளா, பழுதுபார்ப்பா?"

கூலி என்று போட்ட கட்டத்தில் எழுதினேன்.
அதில் விழுந்த முதல் எண் அது.
இந்த முறை பேனாவால்.

லாஷா அன்று செருப்புப் பெட்டியோடு வந்தான்.
கழுதை பனியன்கள், பதினேழு விற்றிருந்தன,
நான்குக்கு ரசீது இல்லை.
திட்டத் தொடங்கியபோது
யாரோ அக்ரூட் பருப்பைத் தட்டில் கொட்டினார்கள்.

நுத்சா ஒன்றை எடுத்தாள்.
சற்று யோசித்து
இடது பக்கம் போட்டுக் கடித்தாள்.

அறையில் எல்லோருக்கும் கேட்டது.