பால் பிடிக்காத கதிர்

எஸ்பஞோலா தீவுக்குக் கப்பலேறியவர்கள்
தங்கம் அள்ளச் சாக்கு கொண்டுவந்தார்கள்.
நான் கொண்டுவந்தது ஒரு மண்ஜாடி.
உள்ளே என் அப்பன் வீட்டுப் புளித்த மாவு,
சான்லூக்கரிலிருந்து நாற்பத்திரண்டு நாள்
மடியில் வைத்து, பிடிபிடியாய்க் கோதுமை போட்டு வளர்த்தது.
மாலுமிகள் சிரித்தார்கள்:
ஒர்தோஞோவின் பிள்ளைக்குப் பசிக்கிறதாம்.

விதைக் கோதுமை இரண்டு மூட்டை.
மழை ஓய்ந்த கையோடு ஆற்றங்கரையில் விதைத்தோம்.
மூன்றாம் நாளே முளை.
ஒரு மாதத்தில் இடுப்பு உயரம்,
பச்சையென்றால் அப்படியொரு பச்சை.
தளபதி வரப்பில் நின்று தொப்பியைக் கழற்றினார்.
கதிர் வந்தது. கசக்கிப் பார்த்தேன்.
உமி.
இன்னொன்று. உமி.
வயல் முழுக்க நடந்து கசக்கினேன், உள்ளங்கை அரித்தது,
ஒன்றில்கூடப் பால் பிடிக்கவில்லை.
குதிரைக்கு நல்ல தீனி என்று
கணக்கர் எழுதிக்கொண்டார்.

அப்புறம்தான் அவள் வந்தாள்.
வந்தாள் என்பது பொய்.
அனுப்பப்பட்டாள், அவள் ஊர் கட்டாத திறைக்காக.
பாதிரி தண்ணீர் தெளித்து பேத்ரோனிலா என்றார்.
அவள் நெஞ்சைத் தொட்டு குவானிமா என்றாள்,
இரண்டு தடவை.
மூன்றாவது தடவை சொல்லவில்லை.

கல் பதித்த பலகையில் மரவள்ளியைத் துருவுவாள்.
துருவலை நீண்ட ஓலைக்குழலில் திணித்து
கிளையில் மாட்டி, அடிக்கழியில் உட்கார்ந்து
தன் எடையாலேயே பிழிவாள்.
வெள்ளைச் சாறு சட்டியில் சொட்டும்.
ஒருநாள் என் நாய் அதை நக்கியது.
உச்சிவெயிலுக்குள் கால் விறைத்துவிட்டது.
நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.
பிறகு சுட்ட அப்பத்தில் முதல் துண்டைப் பிய்த்து
என் கண்முன்னே தின்றாள்.
அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.
நூற்று முப்பது வாய்கள்,
அந்தச் சட்டிக்கு ஒரு சாண் தள்ளி.

என் ஜாடி நாறத் தொடங்கியிருந்தது.
கடைசிப் பீப்பாயில் வண்டு தின்றதுபோக
ஒரு பிடி கோதுமை மாவு.
பாதிரிக்கு அது வேண்டும்,
ஆண்டவரின் உடல் கிழங்கில் இறங்காது என்றார்.
எனக்கும் வேண்டும்.
கொடுத்தேன்.
நகத்தளவாய்ச் சுட்டுத் தந்ததை
காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு நன்மை கொடுத்துத் தீர்த்தார்.
ஜாடி அந்த வாரமே செத்தது.
நான் கழுவி வைக்கவில்லை.

ஒரு விடியலில் பறவைச் சத்தம் அதிகமாய்க் கேட்டது.
மனிதச் சத்தம் இல்லாததால் அது.
முழங்கால் உயரக் கிழங்கு மேடுகள், ஆயிரம் இருக்கும்,
அத்தனையும் கிளறிக் கிடந்தன.
பிடுங்கி வெயிலில் எறிந்துவிட்டு
மலைக்கு ஏறிவிட்டார்கள்.
எங்கள் வயிற்றில் அடிக்க
தங்கள் வயிற்றிலும் அடித்துக்கொண்டு.
ஓலைக்குழல் மட்டும் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் பாதிரி படுத்தார்.
நன்மை, நன்மை என்றார்.
கோதுமை இல்லையென்று என்னைவிட அவருக்குத் தெரியும்.
அழுகல் குவியலில் தேறிய மூன்று கிழங்கு பொறுக்கினேன்.
துருவினேன்.
அவள் உட்கார்ந்த கழியில் உட்கார்ந்தேன்.
சொட்டு நிற்கும்வரை இருந்தேனா?
இருட்டிவிட்டது, அவர் கூப்பிட்டபடியே இருந்தார்.
வட்டமாய், மெல்லிசாய்ச் சுட்டேன்,
எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.
நடுங்கும் விரலை அதன்மேல் வைத்து
லத்தீனில் சொல்லவேண்டியதை
ஒரு சொல் விடாமல் சொன்னார்.
என்ன மாவு என்று கேட்கவில்லை.
நாக்கை நீட்டினார்.
வைத்தேன்.

விடியுமுன் போய்விட்டார்.
காய்ச்சல் என்று கணக்கர் எழுதிக்கொண்டார்.
தட்டில் மீதிப் பாதி கிடந்தது,
எறும்பு ஒன்று அதை நோக்கி வந்து
சுற்றிக்கொண்டு போனது.

அவளாயிருந்தால்
முதல் துண்டைத் தின்றிருப்பாள்.